இளைத்தால் போதுமா?

2025 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் அணி துபாயில் சாம்பியன்ஸ் டிராபி ஆடிக்கொண்டிருந்த நேரம். காங்கிரஸ் கட்சியின் செய்தித் தொடர்பாளர் ஒருவர் ரோகித் சர்மாவைப் பற்றிச் சமூக ஊடகத்தில் ஒரு பதிவு போட்டார். விளையாட்டு வீரருக்கு இந்த உடம்பு ஆகாது, எடையைக் குறைக்க வேண்டும் என்பது அதன் சாரம். நாடே கொந்தளித்தது, பதிவு நீக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து, மார்ச் 9 அன்று நடந்த இறுதிப் போட்டியில் நியூசிலாந்துக்கு எதிராக 76 ரன் குவித்து, ஆட்டநாயகன் விருதோடு கோப்பையையும் கையில் ஏந்தி நின்றார் ரோகித்.

கதை அங்கேயே முடிந்திருந்தால் எழுதுகிறவர்களுக்கு வசதி. ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் இறங்கியபோது அவர் பார்க்கவே வேறு ஆளாக இருந்தார். பத்து கிலோவுக்கு மேல் குறைத்துவிட்டார் என்றன செய்திகள். சிட்னியில் ஆட்டமிழக்காமல் 121. ‘பார்த்தீர்களா, இளைத்ததும் ஆட்டம் வந்துவிட்டது’ என்றது ஒரு தரப்பு. ‘தொப்பையோடு இருந்தபோது மட்டும் அடிக்கவில்லையா?’ என்றது இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் பார்த்தது அவருடைய இடுப்பைத்தான். இடைப்பட்ட மாதங்களில் உடற்பயிற்சிக் கூடத்தில் என்ன செய்தார், காலில் எவ்வளவு வலு ஏறியது, மூச்சு எவ்வளவு தூரம் தாங்கியது என்று கேட்டவர்கள் சொற்பம்.

கிரிக்கெட் வீரருக்கே இந்தக் கதி என்றால் மற்றவர்களைச் சொல்லவே வேண்டாம். கல்யாண மண்டபத்தில் நுழைந்த ஐந்தாவது நிமிடத்தில் ‘என்ன, உடம்பு போட்டுட்டே?’ என்று யாராவது ஒரு அத்தை கேட்டுவிடுவார். போன தலைமுறை வரை உடம்பு வைப்பது வசதியின் அடையாளமாக இருந்தது. மெலிந்து வந்தால் ‘சுகர் எதுவும் இல்லையே?’ என்று கவலைப்பட்டார்கள். இன்றைக்கு அதே வீட்டில் பேத்தி கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே இரவுச் சாப்பாட்டை நிறுத்துகிறாள், ரவிக்கை அளவுக்காக. தெருவுக்குத் தெரு காலையில் கலக்கிக் கொடுக்கப்படும் ஷேக், ஆட்டோ முதுகில் ‘30 நாளில் 10 கிலோ’, வாட்ஸ்அப்பில் சுற்றும் சீரகத் தண்ணீர். எல்லாம் விற்பது ஒரே சரக்கைத்தான்: தராசு முள் இடப்பக்கம் நகர்வது.

ஆரோக்கியத்துக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுக்கும் எவர் முன்னாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மெலிவது. இன்னொன்று, உடம்பைத் திறனுள்ளதாக்குவது. இரண்டும் ஒன்றுதான் என்று நம்பித்தான் பெரும்பாலானவர்கள் முதல் வழியில் இறங்குகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு எழுபது ஆண்டு ஆதாரம் இருக்கிறது. அதிலும் நம்மைப் போன்ற தெற்காசிய உடம்புக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் மிக ஆபத்தானது.

ஒரே எடை, இரண்டு உடம்பு

2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. இரண்டு மருத்துவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் புனே கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாஜ்னிக்; இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உயரத்துக்கேற்ற எடை, கச்சிதம். எந்தக் கிளினிக்கில் ஏறி நின்றாலும் ‘நார்மல்’ என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். ஆனால் உடம்பின் கொழுப்பை அளந்து பார்த்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே எடைக்குள் இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. அந்த இடத்தை வெள்ளைக்காரருக்குத் தசை நிரப்பியிருந்தது.

யாஜ்னிக் இதை விளையாட்டுக்காகச் செய்யவில்லை. புனே சுற்றுவட்டாரக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தவர் அவர். அங்கே பிறந்த குழந்தையின் சராசரி எடை சுமார் 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுதாம்ப்டனில் பிறந்தது சுமார் 3.5 கிலோ. எடையிலும் தசையிலும் நம் குழந்தை பின்தங்கியிருந்தது. தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவாகப் பின்தங்கவில்லை. கருவிலேயே மெலிந்த உடம்பில் கொழுப்பு என்ற அமைப்பு தொடங்கிவிடுகிறது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் சின்னதாக ஒரு மேடு. நாற்பது வயது ஐ.டி. ஊழியர்களில் பலரை இந்த ஒரு வரியில் வரைந்துவிடலாம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். எடையை மட்டும் வைத்துப் பார்த்தால் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம், வயிற்றை அளந்தால் 39.5. நடுவில் இருக்கும் அந்தப் பதினொரு சதவீதத்தைக் கவனியுங்கள். இடுப்பு நாடாவில்தான் சிக்குகிறார்கள் அவர்கள். தராசு ‘பரவாயில்லை’ என்று அனுப்பிவிடுகிறது.

ஆக, ஒல்லியாக இருப்பவருக்கு நம் ஊரில் கொடுக்கப்படும் நற்சான்றிதழ் பல நேரம் போலி. ‘நான் அம்பத்தெட்டு கிலோதான், எனக்கு எதுக்கு எக்சர்சைஸ்?’ என்று கேட்பவரைத்தான் முதலில் நடக்க அனுப்ப வேண்டும்.

கால்சட்டை அளவில் கிடைத்த பதில்

‘அப்படியானால் திறன் என்பது எடையிலிருந்து தனியாக வேலை செய்யுமா?’ இந்தக் கேள்விக்கு முதல் நல்ல பதில் லண்டன் மாடிப் பேருந்துகளிலிருந்து வந்தது. ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 போக்குவரத்து ஊழியர்களின் பதிவுகளை எடுத்துக்கொண்டார். ஓட்டுநரும் நடத்துநரும் ஒரே வர்க்கம், ஒரே பேருந்து, ஒரே புகை. ஒரே வித்தியாசம், ஓட்டுநர் பணிநேரத்தின் பெரும்பகுதி உட்கார்ந்திருந்தார். நடத்துநர் ஒரு நாளில் ஐந்நூறு முதல் எழுநூற்றைம்பது படிகள் ஏறினார். 1953இல் முடிவு வெளியானது. மாரடைப்பு நடத்துநர்களுக்குக் குறைவு. வந்தாலும் சாவு குறைவு. (நம் நகரப் பேருந்தில் நடத்துநர் பின் இருக்கையில் அமர்ந்தபடியே காசும் டிக்கெட்டும் கைமாறிப் போய்வரச் செய்வதை மோரிஸ் பார்த்திருந்தால் ஆய்வுக்கு வேறு தொழில் தேடியிருப்பார்.)

எதிர்க் கேள்வி உடனே வந்தது. ஒருவேளை குண்டானவர்கள்தான் ஓட்டுநர் வேலைக்கே போகிறார்களோ? மாரடைப்புக்குக் காரணம் உட்கார்ந்திருப்பதல்ல, பருமன்தானோ? மோரிஸ் அசரவில்லை. போக்குவரத்து நிறுவனமே சீருடை தைத்துக் கொடுத்தது. எல்லோருடைய கால்சட்டை இடுப்பளவும் ஏட்டில் இருந்தது. அதைப் புரட்டினார். சந்தேகப்பட்டது பாதி சரி: ஓட்டுநர்களின் இடுப்பு இளம் வயதிலேயே பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவுள்ள ஓட்டுநரையும் நடத்துநரையும் பக்கத்தில் வைத்தபோது, ஒல்லியானவர்களிலும் சரி, நடுத்தரத்திலும் சரி, தொந்தி உள்ளவர்களிலும் சரி, திடீர்ச் சாவு நடத்துநர்களிடமே குறைவு. படி ஏறிய குண்டு மனிதருக்கும் படியின் பலன் கிடைத்தது. 1956இல் வெளிவந்த இந்தக் கட்டுரையை இன்று பலர் மறந்துவிட்டார்கள். மருத்துவ ஆராய்ச்சியில் இதைவிடச் சிக்கனமான ஒரு யோசனையை நான் படித்ததில்லை. மோரிஸ் தானும் ஓடினார், நீந்தினார். 2009இல் இறக்கும்போது வயது 99.

பிறகு டல்லாஸ் நகரின் கூப்பர் நிறுவனத்தில் ஸ்டீவன் பிளேர் வந்தார். இவர் ஆட்களை டிரெட்மில்லில் ஏற்றி, மூச்சு முட்டும்வரை நடக்கவிட்டு, இதயமும் நுரையீரலும் எவ்வளவு தாங்குகின்றன என்று அளந்தார். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து யார் இறந்தார்கள் என்று கணக்கெடுத்தார். 1999இல் சுமார் 22,000 ஆண்களை வைத்து அவரும் சகாக்களும் சொன்னது: ஒல்லியாக, ஆனால் திறனில்லாமல் இருந்தவர்களின் இறப்பு அபாயம், ஒல்லியாகவும் திறனோடும் இருந்தவர்களைப்போல் இரண்டு மடங்கு, பருமனாக, ஆனால் திறனோடு இருந்தவர்களைவிடவும் அதிகம். பிளேர் குட்டையான, பருமனான, வழுக்கை மனிதர். அதை அவரே மேடைகளில் சிரித்துக்கொண்டே சொல்வார். பல பத்தாண்டுகள் ஓடினார், ஒல்லியாகவே ஆகவில்லை.

ஒரே நிறுவனத்தின் கணக்கு என்று தள்ளிவிடவும் முடியாது. இருபது ஆய்வுகளை, ஏறத்தாழ நான்கு லட்சம் பேரை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த அலசல் 2024இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் வந்தது. எடை எதுவானாலும் திறனற்றவர்களுக்கு இறப்பு அபாயம் இரண்டு முதல் மூன்று மடங்கு; திறனுள்ள பருமனானவர்களுக்கு, திறனுள்ள சாதாரண எடைக்காரர்களைவிடக் குறிப்பிடத்தக்க கூடுதல் அபாயம் இல்லை. இங்கே ‘திறனுள்ளவர்’ என்றால் மாரத்தான் ஓடுபவர் இல்லை. தன் வயதுக்காரர்களில் கடைசி ஐந்தில் ஒரு பங்கில் இல்லாதவர், அவ்வளவுதான். வாரத்தில் ஐந்து நாள் வேகமாக நடப்பவர் பெரும்பாலும் இந்தக் கோட்டைத் தாண்டிவிடுவார்.

பட்டினி போட்டுப் பார்த்தவர்

பி.எம்.ஐ. என்ற பெயரை 1972இல் வைத்தவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஆன்செல் கீஸ். கணக்கு அவருடையதல்ல, பெல்ஜியத்தின் அடால்ஃப் கெத்லே 1830களில் மக்கள்தொகையின் சராசரியைப் படிக்க உருவாக்கியது. தனி மனிதருக்கு நல்லது கெட்டது சொல்ல அல்ல. ஆனால் கீஸைப் பற்றி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. இரண்டாம் உலகப் போரின் கடைசியில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர் பாதிப் பட்டினியில் வைத்தார். அவர்கள் தாங்களாகவே முன்வந்தவர்கள். ஆறு மாதம், நாளுக்குச் சுமார் 1,570 கலோரி. உடல் எடையில் கால்வாசி கரைந்தது. கூடவே படியேறும் தெம்பு போனது, குளிர் தாங்கவில்லை, எரிச்சலும் சோர்வும் மண்டின, கனவிலும் சாப்பாடு. மறுபடி வயிறார உண்ணத் தொடங்கியதும் கொழுப்புதான் முதலில் திரும்பியது, பழைய அளவையும் தாண்டி. தசை பின்னால் மெதுவாக வந்தது.

இப்போது இன்ஸ்டாகிராமில் விற்கும் டயட் அட்டையை எடுத்துப் பாருங்கள். ‘1,200 கலோரி’ என்று இருக்கும். பட்டினி ஆராய்ச்சிக்காக இளைஞர்களுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு! (அவர்கள் ஆண்கள், நிறைய நடந்தவர்கள் என்ற வேறுபாட்டைக் கழித்துக்கொண்டாலும் கணக்கு நெருடத்தான் செய்கிறது.) முதல் வாரத்தில் மூன்று கிலோ குறைந்ததாகக் காட்டும் படங்களில் பெரும்பகுதி தண்ணீர். உடம்பில் சேமித்த மாவுச்சத்து கரையும்போது, அதனோடு மூன்று மடங்கு தண்ணீரும் வெளியேறுகிறது. அடுத்த மாதங்களில் கொழுப்போடு தசையும் போகிறது. சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்வது தசைதான். பிறவியிலேயே தசை குறைந்த நம் ஆட்கள் இருக்கிற கொஞ்சத்தையும் பட்டினியில் கரைத்துவிட்டு, இளைத்துவிட்டேன் என்று சந்தோஷப்படுவது, ஓட்டை வீட்டில் மழைக்கு முன் கூரையிலிருந்து இன்னும் நாலு ஓடுகளை எடுத்துக் காசாக்குவது போல.

எடை ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. இதை மறைத்தால் கட்டுரை வேறொரு பொய்யாகிவிடும். சர்க்கரை நோய் வந்து சில ஆண்டுகளே ஆன, பருமனான ஒருவருக்கு எடைக் குறைப்பு மருந்துக்கு நிகர். பிரிட்டனில் நடந்த ‘டைரக்ட்’ ஆய்வில் 15 கிலோ அல்லது அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு ஓராண்டில் மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் வந்தது. மூட்டுத் தேய்மானத்தில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பளு நான்கு கிலோ குறைகிறது. கல்லீரலில் கொழுப்பு, தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாவற்றிலும் எடை பேசும். ‘நான் இப்படியே ஃபிட்’ என்று நூற்றுப் பத்து கிலோவில் சொல்பவர்களில் உண்மையிலேயே டிரெட்மில் பரிசோதனையில் தேறுபவர்கள் கொஞ்சம்தான். ஆகவே எடைக்கு மருத்துவக் காரணம் இருந்தால் மருத்துவரோடு உட்கார்ந்து குறைக்கலாம். தேவையில்லாதது, ஐந்து கிலோ கூடுதலாக இருக்கும் ஆரோக்கியமான பெண்ணின் தலையில் அதை வாழ்நாள் கடமையாகக் கட்டுவது.

எடை குறைக்கும் ஊசிகள் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் அவசரமாகிவிட்டது. மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியின் மூலமருந்தான செமாக்ளூட்டைடுக்கு இந்தியாவில் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரைதான். காப்புரிமை முடிந்த மருந்துக்கு உள்ளூர் நிறுவனங்கள் போட்டி போடுவதும், விலை இறங்குவதும், கல்யாணச் சீசனுக்கு ஊசி கேட்டு ஆட்கள் வருவதும் நாம் ஊகிக்கக்கூடியவை. மருந்து நல்ல மருந்துதான். தேவைப்படுகிறவர்களுக்கு அது வரம். ஆனால் குறையும் எடையில் நாலில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை தசை உள்ளிட்ட கொழுப்பில்லாத பகுதி என்று பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. நிறுத்தினால், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பியதையும் காட்டியிருக்கின்றன. ஊசி போடும் கிளினிக் ஒவ்வொன்றும் கூடவே பளு தூக்கவும் புரதம் சாப்பிடவும் சொல்லித்தர வேண்டும். எடை இயந்திரம் மட்டும் வைத்திருக்கும் இடத்தில் யார் சொல்லித்தருவது?

தராசுக்குப் பதில்

முதலில் இடுப்பு நாடா. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80; இது நம் உடம்புக்கென்று வகுத்த எல்லை. அதுவும் மறந்துபோனால், உயரத்தில் பாதிக்குக் கீழே இடுப்பு இருக்க வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் போதும்.

அடுத்தது கைப்பிடி. இந்தியா உட்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ‘பியூர்’ ஆய்வு, கைப்பிடி வலுவில் ஒவ்வொரு ஐந்து கிலோ குறைவுக்கும் இறப்பு அபாயம் 16 சதவீதம் கூடுவதாக 2015இல் சொன்னது. சாவை முன்னறிவிப்பதில் ரத்த அழுத்தத்தைவிடக் கைப்பிடி துல்லியமாக இருந்தது. சமையல் எரிவாயு உருளையை நகர்த்த முடிகிறதா, ஊறுகாய் பாட்டிலைத் திறக்க முடிகிறதா என்பதெல்லாம் சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, தரை. பிரேசிலின் குளோடியோ அராவ்ஜோ 51 முதல் 80 வயது வரையிலான 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார். உட்கார ஐந்து மதிப்பெண், எழ ஐந்து. கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் ஒன்று கழியும். குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள் அடுத்த ஆண்டுகளில் பல மடங்கு கூடுதலாக இறந்தார்கள். பந்தியில் சம்மணமிட்டு உண்டு எழுந்த ஊரில் இன்று ஐம்பது வயதுக்காரர்கள் கோயில் பிரகாரத்திலேயே நாற்காலி தேடுகிறார்கள். உடனே ‘அந்தக் காலத்தில் அம்மியும் ஆட்டுக்கல்லும்…’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அம்மி அரைத்த பெண்களில் பலர் ரத்தசோகையோடும் மிச்சமிருந்த சோற்றோடும் அரைத்தார்கள். வேலை இருந்தது, உணவு இல்லை. அதைத் திறன் என்று கொண்டாட என்னால் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு எளிது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மூச்சு வாங்கும் நடை, அல்லது அதில் பாதி நேரம் கடும் பயிற்சி, கூடவே வாரம் இரண்டு நாளாவது தசைக்கு வேலை. முதல் பாதியை நம்மவர்கள் ஓரளவு செய்கிறார்கள். மெரினாவிலும் ரேஸ்கோர்ஸ் சாலையிலும் கூட்டம் இருக்கிறது. இரண்டாவது பாதியைத் தொடுவதே இல்லை, குறிப்பாகப் பெண்கள். ‘வெயிட் தூக்கினா ஆம்பள மாதிரி ஆயிடும்’ என்ற பயம். அப்படிச் சுலபமாக ஆகிவிடும் என்றால் ஜிம்முக்குப் பணம் கட்டும் ஆண்கள் எல்லோரும் இன்னேரம் பயில்வான்கள். 49 கிலோ எடைப் பிரிவில் டோக்கியோ ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானு மொத்தம் தூக்கியது 202 கிலோ. அந்த உருவத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

தசைக்குத் தீனியும் வேண்டும். 60 கிலோ உடம்புக்கு நாளுக்கு ஐம்பது கிராம் புரதம். நாலு இட்லியில் கிடைப்பது எட்டு கிராம் போல. முட்டை ஒன்றில் ஆறு. சுண்டலும் மீனும் தயிரும் கொள்ளும் சேர்ந்தால்தான் கணக்கு நேராகும். இளைக்க வேண்டுமென்று கொள்ளைத் தேடுபவர்கள், அதன் நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம் இருப்பதற்காகவும் தேடலாம்.

யாருக்கு நேரம் இருக்கிறது?

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள். அதற்கு நாலைந்து ஆண்டுகளுக்கு முன் பெண்களிடம் இது 31 சதவீதத்தைத் தொட்டிருந்தது. இன்னொரு கணக்கு: 2022இல் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை, ஆண்களில் 42. வீட்டு வேலை முழுக்கச் செய்கிறவர்களைப் பார்த்து ‘உழைப்பு இல்லை’ என்கிறார்களே என்று கோபம் வரலாம். நாளெல்லாம் நின்றபடி செய்யும் அந்த வேலை முதுகை ஒடிக்கிறது, நேரத்தைத் தின்கிறது. ஆனால் பெரும்பாலும் மூச்சு வாங்க வைப்பதில்லை, தசைக்குப் பளு கூட்டுவதுமில்லை. களைப்பு மட்டும் மிச்சம். அந்தப் பெண்ணிடம் ‘இளைச்சுக் காட்டு’ என்று சொல்வது மலிவு, ஏனென்றால் அதற்குச் சாப்பாட்டை விட்டால் போதும். வீட்டில் யாரும் எதையும் மாற்ற வேண்டாம். ‘திறனாகு’ என்று சொன்னால் காலையில் முக்கால் மணிநேரம் வேண்டும், அந்த நேரத்தில் அடுப்பை இன்னொருவர் பார்க்க வேண்டும், தெருவிளக்கு எரிய வேண்டும், நாய்த் தொல்லை இல்லாத நடைபாதை வேண்டும்.

தமிழக அரசு 2023 நவம்பரில் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைப்பாதையை அறிவித்தது. மாரத்தான் ஓடும் ஒருவர் சுகாதார அமைச்சராக இருந்ததன் பலன் என்று வைத்துக்கொள்ளலாம், நல்ல காரியம். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை, அதை எட்டிப்போக வண்டி வைத்திருப்பவர்களுக்குத்தான் பக்கம். பள்ளிக்கூடத்திலேயே உடற்பயிற்சிப் பழக்கத்தை ஆரம்பித்திருந்தால் செலவு குறைவு. நேர அட்டவணையில் விளையாட்டுப் பாடவேளை எல்லா வகுப்புக்கும் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வந்ததும் அதைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொள்கிறார். பெற்றோர் சந்திப்பில் அதை யாரும் கேட்பதுமில்லை.